முப்பத்தாறு லிட்டர் பேச்சிமுத்து

காலை ஆறு மணிக்குச் செங்குடியில் குழாய் திறப்பார்கள். அன்று வந்த தண்ணீரில் தலைமையாசிரியர் கனகசபை கலந்திருந்தார். அவர் இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"வாத்தியார் லேசாக் கசக்குறாரே" என்றான் சுடலைக்கண்ணு, தம்ளரை உயர்த்திப் பார்த்து.

"உசுரோட இருந்தப்ப மட்டும் இனிச்சாராக்கும்?" என்றான் அவனுடைய அண்ணன் பேச்சிமுத்து. "பேசாமக் குடில. பெரிய மனுசன்."

உணவுக்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் குடித்தார்கள்.

செங்குடி, செவ்வாய்க் கோளில் தமிழர்கள் போய் உட்கார்ந்த குடியேற்றம். குடை போல் கவிந்த மூன்று கவிகைகள், நாலாயிரம் பேர், ஒரே ஒரு தொட்டி. அதற்குப் பொதுத்தொட்டி என்று பெயர். குடித்த தண்ணீர் சிறுநீராக, வியர்வையாக, மூச்சின் ஈரமாக வெளியே வரும். நீர்மீட்பு நிலையம் அதைச் சொட்டு விடாமல் பிடித்து, கசடு நீக்கி, காய்ச்சி, மறுபடியும் தொட்டிக்கே அனுப்பும். நாற்பது வருடமாக அதே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பனிக்கட்டி கிடைக்கும் இடம் முந்நூறு கிலோமீட்டர் வடக்கே. மாதம் ஒரு வண்டி வரும். காற்றில் போகிற இழப்பை ஈடுகட்ட அது சரியாக இருக்கும். ஆகவே செத்தவரின் உடம்பில் இருக்கும் நீரைக்கூட விட வழியில்லை. உலர்கூடத்தில் இரண்டு நாள் வைத்து எடுத்துவிடுவார்கள். நெருங்கிய உறவு அதைக் குடம் குடமாகத் தொட்டியின் வாயில் ஊற்றும். நீர்சேர்ப்பு என்று அதற்குப் பெயர். மறுநாள் காலை ஊரே ஆளுக்கு ஒரு தம்ளர் குடிக்கும்.

முதலில் வந்தவர்கள் குமட்டிக்கொண்டு குடித்தார்கள். பிறகு அதுவே மரியாதை ஆகிவிட்டது. இப்போது செங்குடியில் யாரும் 'இறந்துவிட்டார்' என்று சொல்வதில்லை. 'தண்ணியில சேர்ந்துட்டார்' என்பார்கள்.

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பேச்சிமுத்து வேலைக்குப் போனான். நீர்மீட்பு நிலையத்தில் கசடுக்குழி அவன் பொறுப்பு. குழியைத் தூர்வாருவதற்கு என்றே ஒரு இயந்திரன் உண்டு. தூர்வான் என்று கூப்பிடுவார்கள். அதன் தாடை உடைந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. புதுத் தாடை பூமியிலிருந்து வர வேண்டும்.

மனிதன் குழிக்குள் இறங்கக் கூடாது என்று குடியேற்றச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அவசரம் என்றால் இறங்கலாம் என்று அதே பிரிவின் அடிக்குறிப்பு சொல்கிறது. குழி அடைத்தால் மூன்று நாளில் நாலாயிரம் பேரும் நாக்கு வறண்டு சாக வேண்டியதுதான். அதனால் அடைப்பு என்றாலே அவசரம்தான். அடிக்குறிப்பு எழுதியவருக்கு அது தெரிந்திருக்கும்.

பேச்சிமுத்து ஒன்பது மணிக்கு இறங்கினான். பதினோரு மணிக்கு முகமூடியின் அடைப்பான் கழன்று, குழியின் நச்சுக்காற்று உள்ளே போனது. குழி மேட்டில் இடுப்புக் கயிற்றைப் பிடித்து நின்ற சுடலைக்கண்ணு அவனை இழுத்து மேலே போட்டபோது, கீழே தண்ணீர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. போகிற போக்கில் அடைப்பை எடுத்துவிட்டுத்தான் போயிருந்தான்.

பேச்சிமுத்துவின் மனைவி தவமணி அதே நிலையத்தில் பரிசோதனை மேசையில் வேலை பார்த்தவள். தொட்டிக்குள் போகிற எந்த நீரும் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். உலர்கூடத்திலிருந்து முப்பத்தாறு லிட்டர் வந்தது. புருசனின் நீரை அவளே சோதித்தாள். உப்பு இல்லை. கிருமி இல்லை. குழியின் நாற்றம் துளிகூட இல்லை. பேச்சிமுத்துவும் இல்லை. வெறும் தண்ணீர். சீட்டில் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நீர்சேர்ப்புக்குக் குடங்களோடு போனவர்களைத் தொட்டியின் வாசலில் காவலர் நிறுத்தினார். திருப்பணிக் குழுவிலிருந்து தடை வந்திருக்கிறது என்றார்.

செவ்வாயின் முதல் கோயில் அப்போது முடிகிற தறுவாயில் இருந்தது. செம்மண்ணை உருக்கி, அடுக்கடுக்காக அச்சிட்டு எழுப்பிய கோபுரம். கவிகையின் கூரை இடித்ததால் ஏழு நிலை என்று நினைத்தது மூன்றோடு நின்றது. இருபது நாளில் குடமுழுக்கு. குடத்தில் போகிற நீர் பொதுத்தொட்டியிலிருந்துதான் வர வேண்டும். வேறு தொட்டி கிடையாது.

மறுநாள் மன்றத்தில் கூட்டம். திருப்பணிக் குழுத் தலைவர் வைத்திலிங்கம் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"ஏம்மா தவமணி, மறுக்கிறோம்னு நெனைக்காத. கொஞ்சம் தள்ளி வைக்கத்தான் சொல்றோம். இல்லேன்னா பயிர்க்கூடத்துக்கு விட்டுரலாம். செடி வளரும். அதுவும் புண்ணியம்தானே?"

"வாத்தியார் தண்ணி போன வாரந்தான சேர்ந்துச்சு? அதுல அபிசேகம் பண்ணலாமாய்யா?"

"வாத்தியார் வேறம்மா."

"எப்படிய்யா வேற?"

அதை வைத்திலிங்கம் சொல்ல முடியாது. செங்குடியில் சாதி கிடையாது. சட்டமே அப்படி. கேட்டாலும் குற்றம், சொன்னாலும் குற்றம். யாரும் யாரையும் கேட்கவில்லை; கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆள் எடுத்தபோது விண்ணப்பத்தில் சாதிக்கு இடமில்லை. 'குடும்பத்தின் முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. பேச்சிமுத்து மின்னணுவியல் பட்டயம் படித்தவன். அவன் அப்பா பூமியில் பாதாளச் சாக்கடையில் இறங்கியவர். உண்மை பேசுகிற குடும்பம் என்பதால் கட்டத்தில் அதையும் எழுதியிருந்தார்கள். பட்டயத்தை யாரும் பார்க்கவில்லை.

சொல்ல முடியாததைச் சொல்வதற்கு வைத்திலிங்கம் ஓர் ஆளை வைத்திருந்தார். குடியேற்றத்தின் பண்பாட்டு ஆலோசகர், எழுத்தாளர் விண்ணரசு. நாற்பது அறிவியல் புனைகதை நூல்கள் எழுதியவர். செவ்வாய்க்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவருடைய கதைகளைப் படித்துவிட்டு வந்தவர்கள்தான். எழுபது வயது, வெள்ளைத் தாடி, மேடையில் நின்றால் கைதட்டல் தானாக வரும்.

"அறிவியலும் சமயமும் எதிரிகள் என்று நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்" என்று தொடங்கினார். "இளமையின் அவசரம் அது. இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு கரைகள். அந்தக் கரைகளை இணைக்கிற பாலம் பண்பாடு. நம் முன்னோர் தூய்மை என்று சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. நீருக்கு நினைவு உண்டு நண்பர்களே. அது கடந்து வந்த உடலின் அதிர்வுகளை ஒவ்வொரு மூலக்கூறும் சுமக்கிறது. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. அதிர்வெண் வேறு, அவ்வளவுதான்."

"சார்" என்று கடைசி வரிசையிலிருந்து சுடலைக்கண்ணு எழுந்தான். "எங்க அண்ணன் எந்த அலைவரிசையில வர்றாருன்னு சொன்னீங்கன்னா வீட்டுலயே திருகிக் கேட்டுக்கிருவோம்."

நிலையத்து ஆட்கள் விசில் அடித்தார்கள். விண்ணரசு புன்னகைத்துக் காத்திருந்தார். கேலியைப் பொறுத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு.

தவமணி உட்காரவில்லை. "நாப்பது வருசமா இந்தத் தண்ணி எல்லாரு உடம்புக்குள்ளயும் போயிட்டுப் போயிட்டு வந்துருக்கு சார். நெனப்பு இருந்துச்சுன்னா ஒங்க வீட்டுக் குழாய் இந்நேரம் என்னென்ன பேசிருக்கணும்? எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். ஊருல எல்லாரையும் ஊத்துற எடத்துல அவரையும் ஊத்தணும். பயிருக்கு இல்ல. தொட்டியில."

இருபத்திரண்டு வருடம் பேச்சிமுத்துவின் கை பட்டு வந்த நீரைத்தான் அந்த மன்றத்தில் இருந்த எல்லோரும் குடித்திருந்தார்கள். அதை ஒரு கிழவர் எழுந்து சொல்லவும் செய்தார். வைத்திலிங்கம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "கை பட்டது வேற, உடம்பே சேர்றது வேற" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும் சொன்னார்.

தீர்வு கண்டுபிடித்தவர் விண்ணரசு. தீர்வு கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில். குடமுழுக்கைத் தள்ளி வைப்போம் என்றார். பூமியிலிருந்து, நம் முன்னோர் முங்கி எழுந்த புண்ணிய நதியிலிருந்தே நீரை வரவழைப்போம். இருபதாயிரம் லிட்டர். வடிகட்டாமல், காய்ச்சாமல், எந்த இயந்திரமும் சுத்தப்படுத்தாத, நதி எப்படி இருக்கிறதோ அப்படியே. அதுவரைக்கும் அந்த அம்மாவின் கணவர் நீர் ஒரு பக்கம் பத்திரமாக இருக்கட்டும். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பலத்த கைதட்டல். தீர்மானம் நிறைவேறியது.

கப்பலில் இருபதாயிரம் லிட்டருக்கு இடம் வேண்டுமென்றால் சில சரக்குகளை இறக்கத்தான் வேண்டும். பட்டியலில் கோடு போட்டவர்கள் மருந்தில் கை வைக்கவில்லை, விதையில் கை வைக்கவில்லை. தூர்வானின் தாடையை அடித்தார்கள். இத்தனை நாள் கையால் நடக்கவில்லையா என்ன?

எட்டு மாதம் பேச்சிமுத்து ஒரு எஃகுப் பீப்பாயில், தவமணியின் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். முதல் வாரம் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு பழகிவிட்டது. சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்தாள். வேலைக்கு வருகிற சுடலைக்கண்ணு பீப்பாயை இரண்டு தட்டுத் தட்டுவான். "அண்ணே, எழுந்திரிச்சாச்சா?" என்பான். ஒருநாள், "மதினி, சத்தம் கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. அண்ணன் மெலிஞ்சிட்டாரோ?" என்றான். தவமணி எழுந்துபோய் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்த்தாள். முப்பத்தாறு, குறையவில்லை. மூடியை இறுக்கி மெழுகு வைத்தாள். அந்த எட்டு மாதத்தில் குழி நான்கு முறை அடைத்தது. மூன்று முறை சுடலைக்கண்ணு இறங்கினான். நான்காவது முறை அவனுக்குக் காய்ச்சல், அவளே இறங்கினாள்.

கப்பல் வந்த அன்று மேளம் வைத்தார்கள். நீர்ப்பைகளுக்கு மாலை போட்டார்கள். வைத்திலிங்கமும் குழுவினரும் குடியிருந்த கோயில் தெருவின் முந்நூறு பேரும் வந்து கும்பிட்டார்கள். ஆனால் எந்த நீரும் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது சட்டம். ஒரு குப்பி தவமணியிடம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் விண்ணரசு நிலையத்துக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் முறை. வாசலில் மூக்கைப் பொத்தப் போனவர், கையைத் தாடிக்குக் கொண்டுபோனார்.

"முடிவு வரலைன்னு வைத்திலிங்கம் கவலைப்படறார் தவமணி."

"வந்துருச்சு சார். ஒக்காருங்க. படிக்கட்டுமா?" அவள் தாளை எடுத்தாள். "தோல் பதப்படுத்துற குரோமியம். துணிச் சாயம் அஞ்சு தினுசு. மலக்கிருமி மூணு வகை, அதுல ஒண்ணுக்குப் பேரே இந்த மிசினுக்குத் தெரியல. சக்கர மாத்திரை. கருத்தடை மாத்திரை. சோப்பு. ஆஸ்பத்திரிக் கழிவு. அப்புறம் எலும்புச் சாம்பல்."

"சாம்பலா?"

"ஆத்துல கரைப்பாங்கள்ல சார். ஒரு லட்சம் பேராவது இதுக்குள்ள கெடப்பாங்க. யாரு, எவரு, எந்தத் தெருன்னு கேட்டா கரைச்சாங்க? அம்புட்டுப் பேரையும் தொட்டியில விடலாம்னு மேளம் அடிச்சிருக்கீங்க. என் வீட்டுக்காரரு ஒருத்தர விடக் கூடாது."

விண்ணரசு தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். அவருக்குப் புரியாத சொல் அதில் ஒன்றும் இல்லை. இதைவிடக் கடினமான சொற்களை அவரே உண்டாக்கியிருக்கிறார்.

"வடிகட்டாம வாங்கச் சொன்னது நான்தான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல.

"நெனப்பு இருக்குன்னீங்க. நெறையவே இருக்கு சார்."

"சுத்தம் பண்ண முடியுமாம்மா?"

"முடியும். எங்க குழி வழியா விட்டாத்தான் முடியும்."

"வேற வழி?"

"கெடையாது."

அவர் பீப்பாயைப் பார்த்தார். அது என்னவென்று கேட்கவில்லை, தெரிந்திருக்கும். "வெளிய சொல்லாமச் செஞ்சிர முடியுமா? ஜனங்க நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

தவமணி அவர் கையிலிருந்து தாளை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு, "அவரு பெட்டியில ஒங்க புத்தகம் ஒண்ணு கெடக்கு சார். 'ஒரே குளம்'. இருவது வயசுல அதப் படிச்சிட்டுத்தான் இந்தக் கெரகத்துக்கு வரணும்னு பைத்தியமா அலஞ்சாராம். ஊரே ஒரு குளத்துத் தண்ணியக் குடிக்குமாம்ல அதுல?" என்றாள்.

"அது கற்பனைம்மா."

"அப்படியா? நாங்க அதுல வேலை பாத்துக்கிட்டுல்ல இருக்கோம்."

விண்ணரசுவின் முகம் சிவந்தது. கோபம் இல்லை. ஒரு காலத்தில் அந்தப் புத்தகத்தை எழுதி முடித்த அன்று, அவர் அழுதிருக்கிறார். அதையெல்லாம் இவளிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. 

"சுத்தம் பண்ணித் தாரோம்" என்றாள் தவமணி. "வெளியயும் சொல்லல. ஆனா ஒங்க குடமுழுக்கு அன்னைக்கு எங்களுக்கு நீர்சேர்ப்பு. பொதுத்தொட்டியில, பகல்ல, எல்லாரும் பாக்க. வைத்திலிங்கம் ஐயா கையெழுத்து வேணும்."

பெரிய வாக்குவாதம் நடக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அரை மணி நேரத்தில் கையெழுத்து வந்துவிட்டது. அவளுக்கு அது உறுத்தியது. ஆனால் வேலை தலைக்கு மேல் கிடந்தது, யோசிக்க நேரமில்லை.

புண்ணிய நதி இரண்டாம் நாளே குழியை அடைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட சேற்றைச் செவ்வாயின் குழி பார்த்ததில்லை. செங்குடியின் கசடு மெலிந்தது. எதையும் வீணாக்காதவர்களின் கசடு. இது கொழுத்த சேறு. தாடை இல்லாத தூர்வான் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தவமணியும் சுடலைக்கண்ணும் அரை மணிக்கு ஒருவராக மாறி மாறி இறங்கினார்கள். மாலை கட்டிய கம்பி வந்தது. முடி கொத்துக் கொத்தாக வந்தது. பிளாஸ்டிக் பை, பால் கவர், கற்பூர வில்லையின் உறை, செருப்பு வார், குழந்தைக்குப் போட்ட வளையல் துண்டு. சாமி படம் போட்ட சட்டம் ஒன்று, கண்ணாடி உடைந்து.

"மதினி, அங்க இதையா முங்கிக் குளிக்காங்க?" என்றான் சுடலைக்கண்ணு கீழேயிருந்து.

"குடிக்கவும் செய்வாங்க. பேசாத, முகமூடியப் பிடி."

"நம்ம மூத்திரம் எவ்வளவோ மேல்."

ஆறு நாள் ஆயிற்று. ஆறாம் நாள் மாலை தவமணி கடைசிக் குப்பியைச் சோதித்தாள். பக்கத்தில் பொதுத்தொட்டியின் குப்பியை வைத்துச் சோதித்தாள். பிறகு மூடியைத் திறந்து பீப்பாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்தாள். மூன்றுக்கும் ஒரே எண்கள். எது எது என்று கருவிக்குத் தெரியவில்லை. மூன்று சீட்டிலும் 'தகுதி' என்று எழுதினாள்.

குடமுழுக்கு சிறப்பாக நடந்தது. விழா மலரில் விண்ணரசு 'அறிவியல், சமயம், பண்பாடு: ஒரு புனைகதையாளனின் சிந்தனைகள்' என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தார். பூமியின் நீர் கலசத்திலிருந்து விழுந்தபோது சிலிர்த்துப்போனதாக மூன்றாம் பக்கத்தில் வருகிறது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே மலர் அச்சாகிவிட்டது.

அதே நேரம் பொதுத்தொட்டியின் வாசலில் நீர்சேர்ப்பு. நிலையத்து ஆட்கள், பனி வெட்டப் போகிறவர்கள், பயிர்க்கூடத்துப் பெண்கள், எல்லாரும் வந்தார்கள். தவமணி பீப்பாயிலிருந்து குடத்தில் பிடித்துப் பிடித்து ஊற்றினாள். யாரையும் உதவிக்கு விடவில்லை. கடைசிக் குடத்தைக் கவிழ்த்த பிறகும் குடத்தைத் தலைகீழாகவே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் குடத்தைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உணவுக்கூடத்தில் எல்லோரும் தம்ளரை எடுத்தார்கள். சுடலைக்கண்ணுவுக்குக் கேலி எதுவும் வரவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு தம்ளர் பிடித்தான்.

தவமணி குடித்துவிட்டு மேசைக்குப் போனாள். சுவரில் குழாய்களின் அழுத்தம் காட்டும் பலகை. வடக்குக் கவிகை, சரி. தெற்குக் கவிகை, சரி. கோயில் தெரு, பூஜ்யம்.

அடைப்பு என்று நினைத்து வரைபடத்தைத் திறந்தாள். அடைப்பு இல்லை. கோயில் தெருவின் குழாயைப் பொதுத்தொட்டியிலிருந்து வெட்டி, சுத்தம் செய்த நதி நீர் நிரப்பிக் கோயிலுக்குப் பின்னால் வைத்த புதுத் தொட்டியோடு இணைத்திருந்தார்கள். இணைப்பு வேலைக்கான ஆணையின் தேதியைப் பார்த்தாள். அவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே நாள்.

வைத்திலிங்கம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பொதுத்தொட்டியைத்தான் விட்டுக்கொடுத்திருந்தார்.

பேச்சிமுத்து ஊரோடு சேர்ந்துவிட்டான். ஊர்தான் அங்கே இல்லை.

தவமணி வரைபடத்தை மூடினாள். சண்டைக்குப் போகலாம் என்ற சுடலைக்கண்ணுவிடம், "என்னன்னு போவ? எங்க தண்ணியக் குடிங்கன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் தண்ணீருக்கு அதன் கணக்கு உண்டு. கோயில் தெருவின் கழிவும் அதே குழியில்தான், தனி முறை வைத்து, சுத்தமாகிப் புதுத் தொட்டிக்குத் திரும்பியது. எந்தத் தொட்டியானாலும் மாதம் நூற்றில் மூன்று பங்கு காற்றோடு போகும். பொதுத்தொட்டிக்கு வடக்கிலிருந்து பனி வந்தது. புதுத் தொட்டிக்கு எதுவும் வரவில்லை. அந்தப் பனியை வெட்டுகிறவர்கள் யார் என்று கோயில் தெருவுக்குத் தெரியும்; அதனால் வாங்கவில்லை. ஒரு வருடத்தில் தொட்டி மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. குளிப்பது வாரத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு அபிஷேகத்தைக் கரண்டியால் செய்தார்கள்.

விண்ணரசு மறுபடி நிலையத்துக்கு வந்தார். தாடி அழுக்காக இருந்தது.

"பொதுத்தொட்டித் தண்ணியக் கொஞ்சம் எங்க தெருப் பக்கம் திருப்பி விட்டுரும்மா. ஒரே ஒரு வால்வுதானே. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்."

"அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும். வைத்திலிங்கந்தான் அனுப்பினார். ஆனா தெரியாத மாதிரி இருக்கணும்னு ஆசைப்படறார். எல்லாருமே அப்படித்தான். நீ செஞ்சா யாரும் கேட்க மாட்டாங்க."

தவமணி மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எழுதிக் கேளுங்க. பொதுத்தொட்டித் தண்ணி எங்களுக்கு வேணும்னு ஒரு வரி. கீழ வைத்திலிங்கம் ஐயா பேரு. இப்பவே தொறந்து விடுதேன். ஒரு சொட்டுக் கொறைக்க மாட்டேன்."

"எழுதச் சொல்லாதம்மா."

"ஒரு வரி சார். நாப்பது புத்தகம் எழுதின கை."

அவர் பேனாவை எடுத்தார். எடுத்ததை அவள் பார்த்தாள். தாளின் மேல் முனை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தத் தாள் திரும்பி வரவில்லை.

கோயில் தெரு ஒரு வரி எழுதத்தான் செய்தது. பூமிக்கு எழுதியது. இந்த முறை நாற்பதாயிரம் லிட்டர், வடிகட்டாமல். கப்பலில் இடம் போதாததால் பட்டியலில் மறுபடியும் தூர்வானின் தாடையை அடித்தார்கள்.

பூமியில், அந்த நதியின் படித்துறையில், நீர் ஏற்றுகிற வேலை நடந்தது. சல்லடை போடக் கூடாது என்பது ஒப்பந்தம். சல்லடை இல்லாததால் உறிஞ்சுகுழாயின் வாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. அடைத்தபோதெல்லாம் ஒரு ஆளை இறக்கினார்கள். கழுத்தளவு கறுப்புத் தண்ணீரில் நின்று, குழாயின் வாயிலிருந்து துணியையும் முடியையும் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த அந்த ஆள், மூச்சு வாங்கும்போது மேலே நின்ற மேற்பார்வையாளரைக் கேட்டான்.

"இம்புட்டுத் தண்ணியும் எங்க சார் போகுது?"

"செவ்வாய்க்குய்யா. நம்ம ஜனங்க அங்க கோயில் கட்டியிருக்காங்க."

"கோயிலா!" அவன் முகத்தில் வழிந்ததை முழங்கையால் துடைத்தான். கொஞ்சம் யோசித்தான். "அப்ப அங்க குழிக்குள்ள எறங்குறது யாரு சார்?"

"ஆள் எதுக்கு? அங்க எல்லாம் மிசின்."

அவன் சிரித்தான். சிரிப்பில் தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது, துப்பினான்.

"இங்கயும் அப்படித்தான் சார் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முங்கினான்.